வடலூர் பெருவெளி வெறும் காலி இடமா? மணலூர்பேட்டை ஆற்று மணலில் இருக்கும் பதில்

*வருஷத்தில் பெரும்பாலான நாள் காலியாகக் கிடக்கும் ஒரு மைதானம். அதில் கட்டலாமா, கூடாதா? வள்ளலார் சர்வதேச மையம் விவகாரத்தை நிலம், கூட்டம், விதி என மூன்று பக்கமும் வைத்துப் புரிந்துகொள்வோம்.*

தை மாதம் 6-ம் தேதி காலையில் மணலூர்பேட்டை பாலத்தின் மேல் நின்று தென்பெண்ணை ஆற்றைப் பார்த்தால், மிதிபட்ட மணலும் கரும்புச் சக்கையும்தான் கண்ணில் படும். கடைகளைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

அதற்கு முதல் நாள் அதே இடத்தில் கால் வைக்க இடம் இருந்திருக்காது. தை 5-ம் தேதி ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையில் இருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு இங்கே வருவார். சுற்றுவட்டாரச் சாமிகளும் ஆற்றில் இறங்கும். கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, விழுப்புரம் என மூன்று மாவட்டத்து ஜனமும் குடும்பம் குடும்பமாக வந்து மணலில் உட்கார்ந்து சாப்பிடும். சுருளிக்கிழங்கும் கரும்பும் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் பஸ் பிடிக்கும்.

இப்போ ஒரு கேள்வி. இந்த ஊரைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் சித்திரை வெயிலில் வந்து அந்த மணலைப் பார்த்தால் என்ன நினைப்பார்? "இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே, ஏதாவது கட்டலாமே" என்றுதானே!

ஊர்க்காரர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். அந்த இடம் சும்மா கிடப்பதால்தான் தை 5-ல் திருவிழா நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

தென்பெண்ணை இங்கிருந்து திருக்கோவிலூர் வழியாக ஓடி கடலூர் பக்கம் கடலில் கலக்கிறது. மணலூர்பேட்டையும் கடலூரும் ஒரு காலத்தில் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அதே பழைய மாவட்டத்தில், இன்றைய கடலூர் மாவட்ட எல்லைக்குள் இருக்கிற வடலூரில்தான் மேலே கேட்ட கேள்வி பெரிய அளவில் எழுந்தது. போராட்டம், கைது, உயர் நீதிமன்ற வழக்கு வரை போனது.

## வடலூரில் இருப்பது என்ன?

வள்ளலார் என்று அழைக்கப்படும் ராமலிங்க அடிகளார் 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரம் அருகே மருதூரில் பிறந்தவர். சென்னையில் வளர்ந்து, பிறகு வடலூர் பக்கத்தில் உள்ள கருங்குழிக்கு வந்து தங்கினார். சாதி, மத வேறுபாடு பார்க்காத ஒரு சங்கத்தை 1865-ல் தொடங்கினார்.

அவர் வடலூரில் உருவாக்கியதை மூன்று அடுக்காகப் பார்க்கலாம்.

முதல் அடுக்கு, சோறு. 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலை தொடங்கப்பட்டது. பசியோடு வருகிற யாருக்கும் சாப்பாடு. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. ஊர்க்காரர்கள் அதை 'அணையா அடுப்பு' என்கிறார்கள்.

இரண்டாவது, வழிபாடு. எண்கோண வடிவில் சத்திய ஞானசபையைக் கட்டி, 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று முதல் ஜோதி தரிசனம் நடந்தது. உள்ளே சிலை கிடையாது. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு நிறம் என ஏழு திரைகள். அவற்றை ஒவ்வொன்றாக விலக்கினால் தெரிவது ஜோதி. இன்றும் தைப்பூசத்தன்று காலை தொடங்கி மறுநாள் விடியற்காலை வரை ஆறு முறை இந்தத் தரிசனம் நடக்கிறது.

மூன்றாவது, படிப்பு. சாதாரண ஜனங்களுக்குத் திருக்குறள் வகுப்பு நடத்த அவர் ஏற்பாடு செய்தார். தமிழ், சமஸ்கிருதம், ஆங்கிலம் மூன்றையும் சொல்லிக்கொடுக்கும் பாடசாலைக்கும் திட்டம் வைத்திருந்தார்.

சோறு, வழிபாடு, படிப்பு மூன்றும் சேர்ந்த இடம் என்பதால் வடலூரை 'கோயில்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க முடியாது. இன்றைய பாஷையில் சொன்னால் அது ஒரு வளாகம்.

இந்த மூன்றையும் சுற்றி இருப்பதுதான் பெருவெளி. பார்வதிபுரம் கிராமத்து மக்கள் வள்ளலாருக்குக் கொடுத்த நிலம், 80 காணி. ஒரு காணி என்பது சுமார் 1.32 ஏக்கர். பெருக்கினால் கிட்டத்தட்ட 106 ஏக்கர்.

## அரசு கட்ட நினைத்தது என்ன?

2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று, வடலூரில் வள்ளலார் சர்வதேச மையம். ஆட்சிக்கு வந்த பிறகு இந்து சமய அறநிலையத் துறை அந்த வேலையை எடுத்துக்கொண்டது. வள்ளலார் பிறந்து 200 ஆண்டு ஆவதையொட்டி 2022 அக்டோபரில் இருந்து ஓராண்டுக்கு விழாக்கள் நடந்தன. 2024 பிப்ரவரியில், சுமார் 100 கோடி ரூபாய் மதிப்பிலான மையத்துக்கு முதல்வர் மு.க.ஸ்டாலின் காணொலி வழியாக அடிக்கல் நாட்டினார்.

நூலகம், தியான மண்டபம், கண்காட்சி அரங்கம், முதியோருக்கான இடம், கழிப்பறை, குடிநீர் என்று பட்டியல் நீள்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதையும் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது.

பிரச்சினை, இவை எந்த இடத்தில் வரும் என்பதில்தான். பெருவெளிக்குள் பள்ளம் தோண்டியதும் பார்வதிபுரம் மக்கள் எதிர்த்தார்கள். 2024 ஏப்ரலில் போராட்டம் வலுத்தது. பா.ம.க. உள்ளிட்ட கட்சிகளும் எதிர்த்தன. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

இந்த விவகாரத்தில் பலர் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கு. எதிர்த்தவர்களில் பெரும்பாலானோர் 'மையமே வேண்டாம்' என்று சொல்லவில்லை. 'மையம் வரட்டும், பெருவெளியில் வேண்டாம்' என்பதே அவர்கள் கோரிக்கை. அதனால் இதை 'வளர்ச்சியா, பக்தியா' என்ற பட்டிமன்றமாகப் பார்த்தால் புரியாது. நிலத்தை எப்படிப் படிப்பது என்பதில்தான் சண்டை.

## இரண்டு பக்கமும் சொல்வதில் நியாயம் இருக்கா?

இருக்கு. முதலில் கட்ட வேண்டும் என்பவர்கள் பக்கம்.

தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. மாதாமாதம் பூச நட்சத்திரத்தன்றும் கூட்டம் வருகிறது. வயதானவர்கள், கைக்குழந்தையோடு வரும் அம்மாக்கள், ராத்திரி தங்க இடமில்லாமல் மண்ணில் துண்டை விரித்துப் படுப்பவர்கள் என்று எல்லாரும் அதில் அடக்கம். கழிப்பறை வசதி குறைவான திருவிழாவில் பெண்கள் படும் பாட்டைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 'எதையும் தொடாதே' என்றால் அந்தக் கஷ்டம் அப்படியே தொடரும். கூடவே, வள்ளலாரைப் படிக்க வெளியூரில் இருந்து, வெளிநாட்டில் இருந்து வரும் மாணவருக்கு ஒரு நல்ல நூலகம் வேண்டும் என்பதும் நியாயமான ஆசைதான். படிப்பு அந்த வளாகத்தின் மூன்றாவது அடுக்கு என்று ஏற்கனவே பார்த்தோமே.

அடுத்து, பெருவெளியில் வேண்டாம் என்பவர்கள் பக்கம்.

அந்த நிலம் ஒரு நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டது. எல்லாத் திசையில் இருந்தும் ஜனம் வந்து, மறைப்பு இல்லாமல் நின்று ஜோதி பார்க்க வேண்டும். அதற்குத் திறந்த வெளி வேண்டும். 'வெளி' என்ற சொல்லே வள்ளலார் சிந்தனையில் முக்கியமான சொல். அதனால் அவர்களுக்கு அந்த மைதானம் சபையைச் சுற்றி மிச்சம் விழுந்த இடம் கிடையாது. அதுவும் சபையின் ஒரு பகுதி.

இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். முதல் தரப்பு கேட்பது வசதி. இரண்டாவது தரப்பு கேட்பது இடம். வசதியை இடம் மாற்றி வைக்கலாம். பெருவெளியை இன்னொரு இடத்தில் உருவாக்க முடியாது. திட்டமிடுபவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வரைபடம் போட ஆரம்பித்தால், இரு தரப்பையும் தேவையில்லாமல் மோதவிட்ட மாதிரி ஆகிவிடும்.

## ஒரு ஏக்கரில் எத்தனை பேர்?

உணர்வை ஓரமாக வைத்துவிட்டு ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் இரண்டு பேர் நின்றால் கையைக் காலை அசைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாக நிற்கலாம். அப்படிப் பார்த்தால் ஒரு ஏக்கரில் சுமார் 8,000 பேர்.

சதுர மீட்டருக்கு நான்கு பேர் ஆனால் கூட்டத்தைக் கவனிப்பவர்கள் உஷாராக வேண்டும். ஐந்து, ஆறு என்று போனால், தனி மனிதர் நினைத்தாலும் தன் காலில் நிற்க முடியாது. முன்னால் ஒருவர் தடுமாறினால் பின்னால் வருகிற தள்ளு அவர் மேல் அலை மாதிரி விழும். 1992 கும்பகோணம் மகாமகத்தில் நெரிசலில் கிட்டத்தட்ட 50 பேர் இறந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

இந்தக் கணக்கைப் பெருவெளிக்குப் போடுவோம்.

* நிலம் முழுவதும் ஆள் நிற்க முடியாது. சபை, தருமச்சாலை, நடைபாதை, ஆம்புலன்ஸ் வழி, தண்ணீர்ப் பந்தல், கடை எல்லாம் போக, பாதி இடம்தான் நிற்பதற்கு என்று வைத்துக்கொள்வோம்.
* 70 ஏக்கர் இருந்தால் அதில் பாதி 35 ஏக்கர். ஏக்கருக்கு 8,000 என்றால் ஒரே நேரத்தில் சுமார் 2.8 லட்சம் பேர் நிம்மதியாக நிற்கலாம்.
* நிற்கிற இடத்தில் 5 ஏக்கர் குறைந்தால் 40,000 பேருக்கு இடம் இல்லை.

அந்த 40,000 பேர் வீட்டுக்குத் திரும்பிவிட மாட்டார்கள். மீதி இருக்கிற இடத்தில் நெருக்கியடித்து நிற்பார்கள். இல்லையென்றால் நெய்வேலி, சேத்தியாத்தோப்பு, கடலூர், விருத்தாசலம் பக்கம் போகும் ரோடுகளில் நிற்பார்கள்.

கட்டடம் மூன்று ஏக்கரில்தான் வருது, ஐந்து ஏக்கரில்தான் வருது என்று சொல்வது மட்டும் போதாது என்பதற்கு இதுதான் காரணம். கட்டடம் வந்தால் அதோடு மதில் வரும், பார்க்கிங் வரும், வாசல் வரும், வாசலுக்கு ரோடு வரும். கூட்டம் ஓடும் திசையும் மாறும். மைதானத்தின் நடுவில் வைக்கும் ஒரு சின்னக் கட்டடம், ஓரத்தில் வைக்கும் பெரிய கட்டடத்தைவிட அதிகம் மறிக்கலாம்.

மணலூர்பேட்டைக்காரருக்கு இது சொல்லாமலே புரியும். தை 5 அன்று ஆற்றில் இறங்கும் வழியை ஒரு லாரி அடைத்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க. லாரி பிடிக்கும் இடம் கொஞ்சம்தான், ஆனா நிற்கிற இடம் தப்பு.

## வள்ளலாரே விட்டுப்போன 'மாஸ்டர் பிளான்'

பழைய வளாகங்களுக்குத் திட்டம் போடுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் கஷ்டம் ஒன்று உண்டு. 'இதை நிறுவியவர் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை' என்பார்கள். வடலூரில் அந்தச் சாக்கு செல்லாது.

ஞானசபையை எப்படி நடத்த வேண்டும் என்று வள்ளலாரே 1872-ல் எழுதி வைத்திருக்கிறார். உள்ளே விளக்கு வைப்பவர், சுத்தம் செய்பவர் யார் என்பதுவரை அதில் இருக்கு. 12 வயதுக்கு உட்பட்டவரோ, 72 வயதைத் தாண்டியவரோதான் அதைச் செய்யலாம்.

'இதெல்லாம் பழைய காகிதம்தானே' என்று நினைக்க வேண்டாம். சபையில் பிற்காலத்தில் வேறு வகை வழிபாடு நுழைந்தபோது, வள்ளலார் வகுத்த முறைப்படி ஜோதி வழிபாடுதான் நடக்க வேண்டும் என்று அறநிலையத் துறை 2006-ல் உத்தரவிட்டது. அதை 2010-ல் சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. 130 ஆண்டுகளுக்குமேல் பழையதான ஒரு கைவிதி, நம் காலத்து நீதிமன்றத்தில் எடுபட்டது.

சபைக்கு உள்ளே நிறுவியவர் சொன்னதை அந்த அளவுக்கு மதித்தால், சபைக்கு வெளியே உள்ள நிலத்துக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் அல்லவா? இந்த நிலம் எதற்காக வாங்கப்பட்டது, எப்படிப் பயன்பட்டது, யார் கொடுத்தார்கள் என்று முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் வரைபடத்துக்குப் போக வேண்டும்.

## இதே கதை வேறு எங்கே நடந்தது?

சாந்திநிகேதன், மேற்கு வங்காளம். 1863-ல் ரவீந்திரநாத் தாகூரின் அப்பா தேவேந்திரநாத் தியானத்துக்காக வாங்கிய இடம். 1901-ல் தாகூர் அங்கே பள்ளி தொடங்கினார். 1921-ல் அது விஸ்வபாரதி ஆனது. வடலூர் மாதிரியே இதுவும் ஆன்மிகம், படிப்பு இரண்டும் கலந்த வளாகம். மரத்தடி வகுப்பு அதன் அடையாளம். அங்கேயும் திறந்த வெளிதான் முக்கியமான 'கட்டடம்'.

அங்கே பௌஷ மேளா என்ற திருவிழா நடக்கும் மைதானம் ஒன்று இருக்கு. 2020 ஆகஸ்டில் பல்கலைக்கழகம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பத் தொடங்கியது. பாதுகாப்புக்காக என்றது நிர்வாகம். ஊர் ஜனம் திரண்டு வந்தது, வாசல் இடிக்கப்பட்டது, விவகாரம் கொல்கத்தா உயர் நீதிமன்றம் போனது. இதே சாந்திநிகேதன் 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. உலகமே பாராட்டும் வளாகத்திலும், ஒரு மைதானத்துக்குச் சுவர் வைப்பதற்கு முன் ஊரிடம் பேசாவிட்டால் நிலைமை இதுதான்.

ஆரோவில், விழுப்புரம் மாவட்டம். நமக்குப் பக்கத்து ஊர். 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கியது. இங்கே கதை தலைகீழ். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர் போட்ட நகரத் திட்டம் ஆரம்பத்திலேயே இருந்தது. ஆனா அதை நிறைவேற்றப் பல பத்தாண்டு ஆனது. அதற்குள் செம்மண் பொட்டல் காடாக மாறிவிட்டது. வட்டச் சாலை போடுவதற்காக 2021 டிசம்பரில் மரங்களை வெட்டியபோது குடியிருப்பவர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடு விதித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

சாந்திநிகேதன் சொல்லும் பாடம், பேசாமல் கட்டாதே. ஆரோவில் சொல்லும் பாடம், திட்டம் கையில் இருந்தாலும் அவ்வப்போது நிலத்தை மறுபடி பார். வடலூருக்கு இரண்டுமே பொருந்தும்.

## அப்போ, எப்படித் திட்டம் போடணும்?

ஆஸ்திரேலியாவில் பர்ரா என்ற ஊரில் 1979-ல் பாரம்பரியப் பாதுகாப்பு வல்லுநர்கள் கூடி ஒரு நெறிமுறை எழுதினார்கள். இன்று உலகம் முழுக்க அதைப் பின்பற்றுகிறார்கள். அதன் சாரம் எளிது. முதலில் அந்த இடம் எதனால் முக்கியம் என்று புரிந்துகொள். அடுத்து அந்த முக்கியத்துவத்தைக் காக்கும் கொள்கையை எழுது. அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கு. தேவையான அளவுக்கு மாற்று, முடிந்தவரை குறைவாக மாற்று.

நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. முதலில் தொகை அறிவிப்பு, பிறகு கட்டடப் படம், பிறகு அடிக்கல். 'எதனால் முக்கியம்' என்ற கேள்வி கடைசியில் நீதிமன்றத்தில் வருகிறது.

வடலூர் மாதிரி எந்த வளாகத்துக்கும் திட்டம் போடும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்:

1. அதிகக் கூட்டம் வரும் நாள் எது? சாதாரண நாளை வைத்துத் திட்டம் போட்டால் இடம் காலியாகத்தான் தெரியும். தைப்பூசத்தன்று, ஆறு தரிசன நேரத்திலும், எந்த இடத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அளந்து, அதன் மேல் வரைபடம் போட வேண்டும்.

2. எது இங்கேயே இருக்க வேண்டும், எது தள்ளி இருக்கலாம்? கழிப்பறை, குடிநீர், முதலுதவி ஆகியவை கூட்டத்துக்குப் பக்கத்தில் வேண்டும். நூலகம், கண்காட்சி, ஆராய்ச்சி மையம், வாகன நிறுத்தம் தள்ளி இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

3. வளாகத்தின் எல்லை வேலியோடு முடிகிறதா? வள்ளலார் பிறந்தது மருதூர், தங்கியது கருங்குழி, 1874 ஜனவரி 30-ல் அறைக்குள் சென்றது மேட்டுக்குப்பம் சித்திவளாகம். தைப்பூசம் முடிந்த பிறகு மேட்டுக்குப்பத்தில் திருஅறை தரிசனமும் நடக்கிறது. இந்த ஊர்களைச் சேர்த்து ஒரே பாதையாகப் பார்த்தால், எல்லாவற்றையும் பெருவெளிக்குள்ளேயே திணிக்க வேண்டிய கட்டாயம் போய்விடும். மற்ற ஊர்களுக்கும் பஸ், வேலை, வியாபாரம் கிடைக்கும்.

4. தற்காலிகமாகச் செய்தால் போதுமா? வருஷத்தில் சில நாளுக்கு மட்டும் தேவைப்படும் பந்தல், கழிப்பறை, மருத்துவ முகாம் இவற்றை அந்தச் சில நாளுக்கு வைத்துவிட்டு எடுக்கலாம். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின் இணைப்பு மட்டும் மண்ணுக்கு அடியில் நிரந்தரமாக இருந்தால் போதும். மேலே மைதானம் மைதானமாகவே இருக்கும்.

5. யாரிடம் கேட்டோம்? நிலம் கொடுத்த ஊரின் இன்றைய தலைமுறை, சன்மார்க்க சங்கங்கள், தருமச்சாலையில் சமைப்பவர்கள், திருவிழாவில் கடை போடுபவர்கள், பந்தோபஸ்து பார்க்கும் போலீஸ். வரைபடம் முடிந்த பிறகு கருத்து கேட்பதும், வரைவதற்கு முன் கேட்பதும் ஒன்று கிடையாது.

## சட்டம் காப்பாற்றாதா?

ஓரளவுக்குத்தான். அறநிலையத் துறை 1959-ம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறது. அந்தச் சட்டம் கோயில் சொத்தை விற்பதற்கும், நீண்ட காலக் குத்தகைக்கு விடுவதற்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஆனா துறையே கட்டினால்? அது விற்பனையும் இல்லை, குத்தகையும் இல்லை.

மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால், சுற்றிலும் 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். இது அந்தப் பட்டியலில் உள்ள இடங்களுக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டில் நூறு, நூற்றைம்பது ஆண்டு பழைய வளாகங்கள் பலவும் அதற்கு வெளியேதான் இருக்கின்றன.

நகர ஊரமைப்புச் சட்டம் 1971-ல் இருந்து இருக்கு. அது நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், பொதுப் பயன்பாடு என்று வகை பிரிக்கும். 'காலியாக இருப்பதுதான் இதன் பயன்' என்ற வகையைத் திட்டம் போடுபவர்கள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் காலி இடம் என்பது 'இன்னும் பயன்படுத்தாத இடம்' என்றே படிக்கப்படும்.

## எதுவும் செய்யாமல் விட்டால்?

இதுவரை படித்ததும் 'அப்போ பெருவெளியைத் தொடாமல் விட்டுடலாமே' என்று தோன்றலாம். இந்தக் கதையின் இன்னொரு பாதியைப் பார்த்தால் அது சரியான விடை இல்லை என்று தெரியும்.

பார்வதிபுரம் மக்கள் கொடுத்தது சுமார் 106 ஏக்கர். வழக்கு விசாரணையின்போது பேசப்பட்ட கணக்குப்படி இன்று சபையின் வசம் இருப்பது 71 ஏக்கரை ஒட்டித்தான். மீதி, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, ஆக்கிரமிப்பில் போயிருக்கிறது. நீதிமன்றமும் அந்த நிலம் என்ன ஆனது என்று கேட்டது.

அந்த 35 ஏக்கர் சர்வதேச மையத்தால் போனது அல்ல. எல்லை போடாததால், அளந்து பதிவு செய்யாததால், 'காலியாத்தானே இருக்கு' என்று ஒவ்வொருவரும் நினைத்ததால் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. நமது முன்கணக்குப்படி பார்த்தால், அதில் பாதி நிலம் நிற்பதற்கு என்றாலும் சுமார் 1.4 லட்சம் பேர் நிற்கும் இடம்.

ஆக, காலி இடத்துக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. ஒரு பக்கம் அதை நிரப்பும் திட்டம். இன்னொரு பக்கம் திட்டமே இல்லாமை. இரண்டில் இருந்தும் காப்பாற்றுவது ஒரே விஷயம்தான். இந்த இடம் காலியாக இருப்பது எதற்காக, எதுவரை, யார் பொறுப்பில் என்று எழுதி வைத்த திட்டம் வேண்டும். நிலத்தை அளந்து கல் நட்டு, ஆக்கிரமிப்பை மீட்டு, 'இங்கே நிரந்தரக் கட்டடம் கிடையாது' என்று வரைபடத்திலேயே குறித்து வைக்கும் திட்டம். அதற்குப் பிறகு, அந்தக் கோட்டுக்கு வெளியே நூலகம் எங்கே, முதியோர் இல்லம் எங்கே என்று நிதானமாகப் பேசலாம். 100 கோடி ரூபாயில் ஒரு பங்கு, கட்டடத்துக்குப் பதிலாக நிலத்தை மீட்கச் செலவானாலும் அது வள்ளலாருக்குச் செய்யும் மரியாதைதான்.

மணலூர்பேட்டை ஆற்றில் யாரும் 'இங்கே தை 5-ல் திருவிழா, கட்டடம் கூடாது' என்று போர்டு வைத்ததில்லை. ஆறு தன் எல்லையைத் தானே காத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் நடுவில் வைத்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடும். பெருவெளிக்கு அந்த வசதி இல்லை. அதன் எல்லையை மனிதர்கள்தான் காக்க வேண்டும்.

அடுத்த முறை உங்க ஊரில் ஒரு கோயில் திடலோ, பள்ளி மைதானமோ, தேர் நிற்கும் வீதியோ 'சும்மா கிடக்குது' என்று யாராவது சொன்னால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "எந்த நாளில் வந்து பார்த்தீங்க?"